எந்த எண் எதைக் குறிக்கிறது? காமிக்ஸ் கடைக்குப் பார்கோடு ஸ்கேனர்

கேள்வி: செங்கோட்டையில் அப்பா நடத்திவந்த வாடகைப் புத்தகக் கடையை நானும் தம்பியும் இப்போது காமிக்ஸ் கடையாக மாற்றியிருக்கிறோம். அப்பா காலத்துத் தமிழ் காமிக்ஸ், புதிதாக வரும் தமிழ் வெளியீடுகள், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போகும் ஆங்கில இதழ்கள், ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்காக மலையாளச் சித்திரக்கதைகள் என்று நாலாயிரம் பிரதிகள் வரை இருக்கின்றன. பில் போடவும் இருப்பைத் தெரிந்துகொள்ளவும் சிவப்புக் கோடு வீசும் ஒரு யு.எஸ்.பி. ஸ்கேனர் வாங்கினோம். ஆங்கில இதழ்களில் ஒரே தொடரின் எல்லா இதழ்களுக்கும் ஒரே எண் வருகிறது. எக்செல்லில் ஏற்றினால் எண் உருமாறிவிடுகிறது. பழைய தமிழ் காமிக்ஸில் பார்கோடே இல்லை. அவற்றுக்குத் தம்பி ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண்களை உருவாக்கி லேபிள் அடித்தான். ஸ்கேன் செய்தால் திரையில் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகள் வருகின்றன. வேறு ஸ்கேனர் வாங்கவேண்டுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். ஸ்கேனரை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளில் மூன்று, அமைப்பைச் சரிசெய்தால் ஒரே மாலையில் தீர்ந்துவிடும். நான்காவது, அதாவது பார்கோடு இல்லாத பழைய பிரதிகள், எவ்வளவு விலை கொடுத்து ஸ்கேனர் வாங்கினாலும் தீராது. அது நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவேண்டிய விஷயம்.

ஸ்கேனருக்கு எண்ணைப் படிக்க மட்டுமே தெரியும். அந்த எண் ஒரு தொடரைக் குறிக்கிறதா, தொடரின் ஓர் இதழைக் குறிக்கிறதா, உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த ஒரே ஒரு பிரதியைக் குறிக்கிறதா என்பதை அது அறியாது. மளிகைக் கடையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஒரு சோப்புக்கட்டிக்கும் அடுத்த சோப்புக்கட்டிக்கும் வேறுபாடு கிடையாது. உங்கள் கடையில் அட்டை கிழியாத பிரதி ஒரு விலை, நடுப்பக்கம் போன பிரதி ஒரு விலை. மளிகைக் கடைக்காரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளைப் பின்பற்றித்தான் பெரும்பாலான பழம்புத்தகக் கடைகள் இதில் தடுமாறுகின்றன. நாலாயிரம் பிரதிகளையும் ஒரே முறையில் அடக்க முயலாதீர்கள். ஆங்கில இதழ்கள், அப்பா காலத்துப் பிரதிகள், புதிய வெளியீடுகள் என்று மூன்று வகையாகப் பிரித்து மூன்று விதமாக நடத்துங்கள். அதற்கு முன் கருவியைச் சரிசெய்துவிடுவோம்.

நீங்கள் வாங்கியிருக்கும் வகை ஸ்கேனரைக் கணினி இன்னொரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. கோடுகளைப் படித்து, எண்களை நாம் தட்டுவது போலவே வேகமாகத் தட்டிவிட்டு, கடைசியில் என்டர் விசையையும் அழுத்துகிறது. ஆகவே பில் மென்பொருளில் சோதிப்பதற்கு முன் நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். ஒரே புத்தகத்தை மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். மூன்று வரிகளில் ஒரே எண் வந்தால் கருவி சரியாக இருக்கிறது. மூன்றும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வந்தால் என்டர் அமைப்பு விடுபட்டிருக்கிறது. கூடவே வந்த கையேட்டில் அதற்கென்று அச்சிட்டிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும். ஸ்கேனரின் எல்லா அமைப்புகளும் இப்படிக் கையேட்டுப் பார்கோடுகள் மூலமாகத்தான் மாறும். கையேட்டைத் தொலைத்துவிடாதீர்கள். முதல் வேலையாக அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'பீப்' சத்தம் ஸ்கேனரிலிருந்து வருகிறது, மென்பொருளிலிருந்து அல்ல. எண்ணைப் படித்துவிட்டேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கர்சர் விலைக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் அதே 'பீப்' சத்தத்தோடு பதின்மூன்று இலக்க எண் விலையாகப் போய் உட்காரும். பில் லட்சம் கோடிகளில் நிற்கும். கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் சத்தத்தைக் கேட்பதோடு திரையையும் பார்க்கப் பழகவேண்டும்.

இனி ஆங்கில இதழ்கள். அமெரிக்க மாத இதழ் ஒன்றை எடுத்து அதன் பார்கோடை உற்றுப் பாருங்கள். பெரிய கட்டம் ஒன்று, அதற்கு வலப்பக்கம் சின்னக் கட்டம் ஒன்று, அந்தச் சின்னக் கட்டத்தின் தலைமேல் ஐந்து இலக்கங்கள். பெரிய கட்டத்தில் இருப்பது பன்னிரண்டு இலக்க யு.பி.சி. எண், அதாவது அமெரிக்கக் கடைகளில் புழங்கும் பொருள் எண். தொடர் எது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. அதனால்தான் எல்லா இதழ்களுக்கும் ஒரே எண் வருகிறது. உங்களுக்கு வேண்டியது சின்னக் கட்டத்தில் இருக்கிறது. அந்த ஐந்து இலக்கங்களில் முதல் மூன்று இதழ் எண். நான்காவது, எந்த அட்டை என்பது, ஏனென்றால் ஒரே இதழைப் பல ஓவியர்களின் அட்டைகளோடு வெளியிடுவார்கள். ஐந்தாவது, எத்தனையாவது அச்சு என்பது. 00321 என்று இருந்தால் மூன்றாம் இதழ், இரண்டாவது அட்டை, முதல் அச்சு. சேகரிப்பவர்கள் விலை பேசுவதே இந்தக் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்துத்தான்.

பெரும்பாலான ஸ்கேனர்கள் கடையிலிருந்து வரும்போது இந்தத் துணைக் கட்டத்தைக் கண்டுகொள்ளாதபடி அமைக்கப்பட்டிருக்கும். கையேட்டில் 'ஆட்-ஆன்' அல்லது 'சப்ளிமென்டல்' என்ற தலைப்பைத் தேடுங்கள். அதில் வழக்கமாக மூன்று தேர்வுகள் இருக்கும்: துணைக் கட்டத்தை விட்டுவிடு, துணைக் கட்டம் இருந்தால் மட்டும் படி, இருந்தால் சேர்த்துப் படி, இல்லாவிட்டால் பெரியதை மட்டும் படி. உங்களுக்கு மூன்றாவதுதான் வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் புத்தகங்களைத் தொட்டும் பார்க்காது. இரண்டு இலக்கத் துணை, ஐந்து இலக்கத் துணை இரண்டையும் இயக்கிவையுங்கள். மூன்றாவது தேர்வில் ஸ்கேனர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் 'பீப்' அடிக்கும். அந்தத் தாமதம் கோளாறு அல்ல. ஸ்கேனரைப் பிடிக்கும்போது சிவப்புக் கோடு இரண்டு கட்டங்களையும் ஒருசேர வெட்டிச் செல்லவேண்டும். சாய்ந்தால் பெரியது மட்டும் பதிவாகும், மறுபடி எல்லா இதழும் ஒன்றாகிவிடும். பதினேழு இலக்கம் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கையேட்டில் இன்னும் இரண்டு அமைப்புகளையும் கவனியுங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணின் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பதின்மூன்றாக அனுப்பும் வசதி இருக்கும். சேர்ப்பதோ விடுவதோ உங்கள் விருப்பம், ஆனால் முதல் நாள் முடிவு செய்ததைப் பிறகு மாற்றக்கூடாது. மாற்றினால் பழைய பதிவுகள் எதுவும் பொருந்தாது. 978-இல் தொடங்கும் புத்தக எண்ணைப் பழைய பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். ஆக மாற்றி அனுப்பும் வசதி சில கருவிகளில் உண்டு. அதை அணைத்துவிடுங்கள். 2007 ஜனவரி முதல் உலகம் முழுவதும் பதின்மூன்று இலக்கம்தான் வழக்கம். 979-இல் தொடங்குகிறவற்றுக்குப் பத்து இலக்க வடிவமே கிடையாது.

ஆங்கிலப் பழைய இதழ்களில் சிலவற்றைப் பார்த்துப் பார்கோடு அச்சில் விடுபட்டுப்போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களில் அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்கென்று தனியாக அனுப்பிய பிரதிகளில் பார்கோடு இருக்கவேண்டிய பெட்டிக்குள் ஒரு சின்ன ஓவியத்தை அச்சிட்டார்கள். விற்காவிட்டாலும் திருப்பி அனுப்பமுடியாத அந்தப் பிரதிகளைப் பெட்டிக்கடைப் பிரதிகளிலிருந்து பிரித்தறிய அது வழி. அவற்றையும் பழைய தமிழ் காமிக்ஸோடு சேர்த்து, பின்னால் நான் சொல்லும் முறையில் எண் கொடுங்கள்.

எக்செல் விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களை அறியாமலே சரக்குப் பட்டியலைக் கெடுக்கக்கூடியது. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். பதினேழு இலக்கம் கொடுத்தால் கடைசி இரண்டையும் பூஜ்யமாக்கிவிடும். மேலே சொன்ன 00321 அங்கே 00300 ஆகிவிடும். மூன்றாம் இதழ் என்பது மிஞ்சும். எந்த அட்டை, எத்தனையாவது அச்சு என்பது அழிந்துபோகும். பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்கள் 9.78E+12 போன்ற குறுக்கு வடிவில் தெரியும். அப்படித் தெரியும் நிலையில் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் அந்தக் குறுக்கு வடிவம்தான் கோப்பில் பதிவாகும், மூல எண் திரும்ப வராது. முதலில் வரும் பூஜ்யமும் காணாமல் போகும். தீர்வு எளிது: ஸ்கேன் செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று வடிவம் கொடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் போன இலக்கங்கள் வரா. இதுவரை ஏற்றியதில் பதினேழு இலக்க எண்கள் ஏதும் இருந்தால் அவற்றை அழித்துவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

தமிழ் எழுத்துகள் வருவதற்கும் காரணம் ஸ்கேனர் கீபோர்டாக வேலை செய்வதுதான். கணினியில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை இயங்கிக்கொண்டிருக்கும்போது 'எம்' விசையைத் தட்டினால் 'ர' வருகிறது. ஸ்கேனர் தட்டினாலும் அதேதான் வரும். தலைப்புகளைத் தமிழில் ஏற்றிக்கொண்டே இடையிடையே ஸ்கேன் செய்கிற கடையில் இது தினமும் நடக்கும். ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எழுத்தே இல்லாமல் எண்களால் மட்டும் உங்கள் குறியீட்டை அமைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99-இல் எண் விசைகள் எண்களையே தருகின்றன. தம்பி அடித்த லேபிள்களை இப்போதே நிறுத்திவிடுங்கள். நூறு லேபிள் வீணானால் பரவாயில்லை. நாலாயிரமும் அடித்தபின் தெரிந்திருந்தால்தான் இழப்பு.

இப்போது அப்பாவின் அலமாரி. என் பதிலில் நீங்கள் மிக நிதானமாகப் படிக்கவேண்டியது இந்தப் பகுதி.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது 1972-இல். உலகில் முதன்முதலாக ஒரு கடையில் யு.பி.சி. பார்கோடை ஸ்கேன் செய்து பொருள் விற்றது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தபோதும் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஸ்கேனர் எதுவும் கிடையாது. அந்தக் கால இதழ்களில் பார்கோடைத் தேடிப் பயனில்லை. நீங்கள்தான் எண் கொடுக்கவேண்டும். சர்வதேச அமைப்பிடம் பணம் கட்டி 890-இல் தொடங்கும் எண் வாங்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உங்கள் கடைக்குள் மட்டும் புழங்கும் எண்ணுக்கு அது தேவையே இல்லை.

இந்த அலமாரியில் தலைப்புக்கு ஓர் எண் என்று கொடுக்காதீர்கள். பிரதிக்கு ஓர் எண் கொடுங்கள். ஒரே இதழின் மூன்று பிரதிகள் இருந்தால் மூன்று எண்கள். ஒன்றில் அட்டை முழுதாக இருக்கும். ஒன்றில் முதுகுப் பின் துருவேறிப் பக்கம் கழன்றிருக்கும். இன்னொன்றில் அப்பாவின் வாடகைக் கடை முத்திரை பதிந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்து இருப்பு மூன்று என்று எழுதினால், எது போயிற்று, எது இருக்கிறது என்பது அடுத்த மாதமே தெரியாமல் போய்விடும். புனலூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டால், அலமாரிக்கு ஓடாமல் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவேண்டும். பிரதிக்கு ஓர் எண் இருந்தால்தான் அது நடக்கும்.

எட்டு இலக்கம் போதும். 20000001 என்று தொடங்கி வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள். எண்ணுக்குள் எந்தப் பொருளையும் ஒளித்துவைக்காதீர்கள். முதல் இலக்கம் அலமாரி, அடுத்த இரண்டு ஆண்டு, அதற்கடுத்தது விலை வகை என்று அமைக்க ஆசை வரும். தம்பியும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அலமாரி மாறும், விலை மாறும், எண் மட்டும் பழைய பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும். விற்றுப்போன பிரதியின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. அந்தப் பிரதியை வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து உங்களிடமே விற்க வந்தால், பழைய எண்ணில் அதன் முழு வரலாறும் காத்திருக்கும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தலைப்பு, இதழ் எண், வெளியான மாதமும் ஆண்டும், என்ன நிலையில் இருக்கிறது, வாங்கிய விலை, விற்கும் விலை, வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். நிலையை 'நன்று' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாதீர்கள். 'பின்னட்டை இடது மூலை மடிப்பு, பக்கம் 31-32 இல்லை, உள்ளே முத்திரை' என்று எழுதினால் அதுவே வாங்குபவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம். முத்திரையைக் குறை என்று மட்டும் பதிவு செய்யாதீர்கள். அந்த முத்திரை இருந்தால்தான் வேண்டும் என்று கேட்கிறவர்களும் வருவார்கள். அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் படத்துக்கு அதே எட்டு இலக்க எண்ணையே பெயராக வைத்துவிடுங்கள். பின்னால் இணையத்தில் விற்க முடிவு செய்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

லேபிளை இதழின் மேல் ஒட்டவே கூடாது. அரை நூற்றாண்டுக் காகிதத்திலிருந்து பசை லேபிளை உரித்தால் அட்டை ஓவியமும் சேர்ந்து வரும். இதழை பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, உறையின் பின்புறம் கீழ் மூலையில் ஒட்டுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம். காகிதத்துக்கும் கேடு, வெப்பத்தால் அச்சாகும் லேபிளையும் அதிலிருந்து கசியும் ரசாயனம் வெளிறச் செய்துவிடும். லேபிள் பிரிண்டர் வாங்கும்போது ரிப்பன் வைத்து அச்சடிக்கும் வகையையே கேளுங்கள். ரிப்பன் இல்லாத வகை பில்லுக்குச் சரி. பல வருடம் அலமாரியில் இருக்கப்போகிற லேபிளுக்கு உதவாது, சித்திரை வெயில் படும் சன்னலோரத்தில் சில மாதங்களிலேயே மங்கிவிடும். குற்றாலச் சாரல் உங்கள் ஊரையும் நனைக்கிறது. ஆனி, ஆடியில் லேபிள் சுருள்களை மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரக்காற்று பட்ட பசை சரியாக ஒட்டாது.

லேபிளில் அச்சிடவேண்டிய பார்கோடு வகை 'கோடு 128' (Code 128). எட்டு எண்களை அது இரண்டிரண்டாகச் சேர்த்து அடக்கிவிடும். அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும் சாதாரண பிரிண்டரில் மெல்லிய கோட்டுக்குக் கால் மில்லிமீட்டர் கொடுத்தால் மொத்தம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம் வரும். இருபுறமும் இரண்டரை மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள். அந்த வெற்றிடம் இல்லையென்றால் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. 38 மில்லிமீட்டர் அகல லேபிளில் இது தாராளமாக அடங்கும். கோட்டுக்குக் கீழே எண்ணைக் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடவும் இடம் இருக்கும். வெள்ளையில் கறுப்பு மட்டும். சிவப்பில் அச்சான கோடுகள் சிவப்பு ஒளியில் மறைந்துவிடும். அட்டை அலங்காரத்துக்காகச் சிவப்புப் பார்கோடு போட்ட புத்தகம் ஏதாவது 'பீப்' அடிக்காமல் அடம்பிடித்தால் காரணம் அதுதான். எண்ணைக் கையால் தட்டுங்கள். 978 எண்ணைக் கையால் தட்டும்போது தவறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். இலக்கங்களை மாறிமாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் பத்தால் வகுபடவேண்டும் என்ற விதியோடுதான் அதன் கடைசி இலக்கம் அமைக்கப்படுகிறது. அதைச் சரிபார்க்கும் மென்பொருளாக இருந்தால், ஓர் இலக்கம் மாறினாலும் ஏற்காது.

உறையோடு ஸ்கேன் செய்யும்போது நேர் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள். பளபளப்பில் ஒளி திரும்பி வந்து படிக்கவிடாது. கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், உறையின் சுருக்கத்தை விரலால் நீவிவிடுங்கள்.

மூன்றாவது வகை, புதிய தமிழ், மலையாள வெளியீடுகள். இங்கே அட்டையில் இருக்கும் எண்ணையே பயன்படுத்தலாம், தலைப்புக்கு ஓர் எண், எத்தனை பிரதி என்ற இருப்பு. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மறுஅச்சில் விலை கூடினாலும் ஐ.எஸ்.பி.என். மாறாது. பழைய விலைப் பிரதியும் புதிய விலைப் பிரதியும் அடுத்தடுத்து நிற்கும்போது ஸ்கேனர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஓர் எண்ணுக்குக் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட எம்.ஆர்.பி.யை வைத்துக்கொள்ளும் மென்பொருளாக இருந்தால், எந்த விலை என்று பில் போடும்போது கேட்கும். இல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு, அல்லது வாங்குபவரோடு வாக்குவாதம். அடுத்தது பருவ இதழ்கள். 977-இல் தொடங்கும் எண் பத்திரிகையைக் குறிப்பது. எந்த மாத இதழ் என்பதைப் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் இரண்டு இலக்கத் துணைதான் சொல்லும். துணை இல்லாமலும் வருவதுண்டு. ஒரே பத்திரிகையின் அடுத்தடுத்த இரண்டு இதழ்களை நோட்பேடில் ஸ்கேன் செய்து பாருங்கள். எண் மாறவில்லையென்றால் அந்தப் பத்திரிகைக்கு இதழ்வாரியாக உங்கள் எட்டு இலக்க எண்ணே போகட்டும். பார்கோடே இல்லாத சிறு வெளியீடுகளுக்கும் அப்படியே.

மென்பொருள் எது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் ஒன்றைச் சுட்டிச் சொல்லப்போவதில்லை. விற்க வருகிறவரிடம் இவற்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: பார்கோடு கட்டத்தில் பதினேழு இலக்கம் முழுதாக நிற்கிறதா, ஓர் எண்ணுக்குப் பல விலை வைக்கமுடியுமா, உங்கள் பட்டியல் முழுவதையும் எப்போது கேட்டாலும் கோப்பாக வெளியே எடுக்கமுடியுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த மென்பொருள் வேண்டாம். நாலாயிரம் பிரதிகளைப் பற்றி நீங்கள் உட்கார்ந்து எழுதியது உங்கள் சொத்து. தமிழ்ப் பெயரோடும் மலையாளப் பெயரோடும் ஒரு பில் அடித்துக் காட்டச் சொல்லவும் மறக்காதீர்கள். பல பில் பிரிண்டர்களுக்குள் ஆங்கில எழுத்துரு மட்டுமே இருக்கும். நம் எழுத்து கட்டம் கட்டமாக வரும். பிரிண்டர் டிரைவர் வழியாகப் படமாக அனுப்பி அச்சிட்டால் சரியாக வரும்.

1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் உங்களுடையது. தமிழ் பேசி மலையாளம் படிப்பவரும், மலையாளம் பேசித் தமிழ் காமிக்ஸ் தேடுபவரும் உங்கள் கடைக்கு வருவார்கள். அதனால் தலைப்பை அதனதன் எழுத்தில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் 'தேடும் பெயர்' என்று ஆங்கில எழுத்தில் இன்னொரு நெடுவரிசை வையுங்கள். மாயாவி என்பதை நீங்கள் ஒரு விதமாகவும் தம்பி ஒரு விதமாகவும் எழுதினால் இருக்கிற புத்தகத்தையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். எப்படி எழுதுவது என்று கல்லாவில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை. அச்சிட்ட புத்தகங்கள், பருவ இதழ்கள், குழந்தைகள் படப்புத்தகங்கள் மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. பொம்மைகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் உண்டு. அவற்றையும் விற்க நினைத்தால் முதல் நாளிலேயே பட்டியலில் வரி விகிதத்துக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்கிவிட்டு, பதிவு வேண்டுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வேலையை எங்கே தொடங்குவது? புதிய வெளியீடுகளில். அவற்றில் எண் ஏற்கெனவே இருக்கிறது, வேகமாக முடியும், பில் போடும் பழக்கமும் வந்துவிடும். அடுத்து ஆங்கிலம். அப்பாவின் அலமாரியைக் கடைசியாக, ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று எடுங்கள். ஒருவர் நிலையைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்யட்டும். உறையிலிட்டு லேபிள் ஒட்டிப் படம் எடுத்து முடித்த தட்டின் விளிம்பில் ஒரு நாடா ஒட்டுங்கள். நாடா இல்லாத தட்டிலிருந்து எதையும் விற்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும். அன்றன்று மாலை பட்டியலின் நகலைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகும், கடையிலும் கூட்டம் இருக்கும். மகரவிளக்கு முடியும்வரை பில் மட்டும் போடுங்கள், புது எண் எதுவும் கொடுக்கவேண்டாம். மிச்சமிருக்கும் தட்டுகளைத் தை மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம்.